பந்தயத்திற்குப் பிறந்த இசை

விளையாட்டும் இசையும் நெடுங்காலத் தோழர்கள். பண்டைக் கிரேக்க நாட்டில், டெல்ஃபி என்னும் திருத்தலத்தில் நடைபெற்ற பித்தியப் பெருவிழாவில் ஓட்டப் பந்தயமும் இருந்தது. யாழிசைப் போட்டியும் இருந்தது. 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது, கவிஞர் கோஸ்டிஸ் பாலமாஸ் இயற்றிய பாடலுக்கு ஸ்பிரிடான் சமராஸ் இசை வகுத்தார். அதுவே பிற்காலத்தில் ஒலிம்பிக் கீதமாக ஏற்றுக்கொள்ளப் பெற்றது. 1964இல் டோக்கியோ நகரத்து ஒலிம்பிக் விழாவில் வீரர்கள் அணிவகுத்து வருவதற்கென யூஜி கொசெகி ஒரு நடையிசை அமைத்தார். 1982இல் தில்லியில் ஆசிய விளையாட்டு விழா நடந்தபோது, பண்டித ரவிசங்கர் இசையமைத்த வரவேற்புப் பாடல் ஒலித்தது. அந்நாளில் தலைநகரில் வாழ்ந்த நம்மவர் பலருக்கு அது இன்றும் நினைவிருக்கக் கூடும்.

இவை யாவும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. வந்தோரை வரவேற்பதும், வென்றோரை வாழ்த்துவதும் இவற்றின் தொழில். இவ்வாழ்த்திசை பந்தயத்திற்குப் புறத்தே நின்று பாடுவது. ஆனால் வேறோர் இசையும் உலகில் உண்டு. ஏற்றம் இறைக்கும் உழவன் சாலின் எண்ணிக்கையைப் பாட்டாக்கிக் கொள்கிறான். அவன் பாட்டின் அளவு அவன் மூச்சின் அளவே. கேரளத்தில் வாழும் நம்மவர், ஆலப்புழையில் ஆண்டுதோறும் நடைபெறும் நேரு கோப்பைப் படகுப் பந்தயத்தில் வஞ்சிப்பாட்டின் தாளத்திற்கு ஏற்பத் துடுப்புகள் ஒருசேர எழுந்து விழுவதைக் கண்டிருப்பர். இவ்விசை பந்தயத்தின் அகத்தே பிறப்பது. உழைக்கும் உடலே இதன் கருவி. காண்போர்க்கென இது எழுவதன்று.

நாம் இங்கு வரலாறு கூறப் புகுந்த இசைத் தொகுப்பு இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய சைக்கிள் பந்தயத்திற்கென, மின்னணுக் கருவிகளைக் கொண்டு, செர்மானியக் கலைஞர் நால்வர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட தொகுப்பு அது. அதன் பெயர் 'டூர் தெ பிரான்ஸ் சவுண்ட்டிராக்ஸ்'. அதை ஆக்கிய குழுவின் பெயர் கிராஃப்ட்வெர்க். அதன் அருமையை உணர வேண்டுமாயின், முதலில் பந்தயத்தை அறிந்துகொள்ளல் வேண்டும்.

'டூர் தெ பிரான்ஸ்' என்றால் பிரான்சு நாட்டை வலம் வருதல் என்று பொருள். இப்பந்தயம் ஒரு செய்தித்தாளின் வயிற்றுப்பாட்டிற்காகப் பிறந்தது. பாரிசு நகரில் 'லோட்டோ' என்ற விளையாட்டு நாளிதழ் தன் போட்டி இதழை விஞ்ச வழி தேடிக் கொண்டிருந்தது. அவ்விதழில் பணியாற்றிய ழியோ லெஃபெவ்ர் என்பவர், நாட்டையே சுற்றி வரும் ஒரு சைக்கிள் பந்தயம் நடத்தலாம் என்றார். ஆசிரியர் ஆன்ரி டெக்ராஞ்ஜ் அதனை ஏற்றார். 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் அறுபது பேர் புறப்பட்டனர். ஆறு கட்டங்கள், மொத்தத் தொலைவு 2,428 கிலோமீட்டர். ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆகவே இரவிலும் மிதித்தல் வேண்டும். முடிவு வரை வந்து சேர்ந்தோர் இருபத்தொருவரே. வென்றவர் மோரீஸ் காரேன்; இளமையில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர். இரண்டாமவருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி ஏறத்தாழ மூன்று மணி நேரம்!

அடுத்த ஆண்டே பந்தயத்தின் மறுபக்கமும் வெளிப்பட்டது. 1904இலும் காரேன்தான் முதலில் வந்தார். ஆயினும் விதிகளை மீறியமைக்காக அவரும், அவரை அடுத்து வந்த மற்ற முன்னணி வீரரும் பின்னர் விலக்கப்பட்டனர். வெற்றி, பத்தொன்பது வயது இளைஞரான ஆன்ரி கோர்னேக்கு அளிக்கப்பட்டது. பெருமையும் கறையும் இப்பந்தயத்தில் உடன்பிறந்தவை என்பதை நாம் மனத்தில் கொள்வோமாக.

1910இல் பந்தயப் பாதை பிரனீஸ் மலைகளில் ஏறியது. தூர்மலே என்னும் கணவாய் அன்று முதல் வீரர்களின் சோதனைக் களமாயிற்று. 1911இல் ஆல்ப்சு மலையின் கலிபியே கணவாயும் சேர்ந்தது. முதல் உலகப் போர் பந்தயத்தை நிறுத்தியது; அதற்கு முன் வாகை சூடிய ஃபபேர், லப்பீஸ், பெட்டி-பிரெட்டன் ஆகிய மூவர் அப்போரில் மாண்டனர். 1919இல் பந்தயம் மீண்டபோது, முன்னணியில் இருப்பவருக்கு மஞ்சள் சட்டை அணிவிக்கும் வழக்கம் தோன்றியது. 'லோட்டோ' இதழ் மஞ்சள் தாளில் அச்சாகியது என்பது இங்கு நினைக்கத் தக்கது. இரண்டாம் உலகப் போரில் பிரான்சு செர்மனியின் பிடியில் சிக்கியது. 1940 முதல் 1946 வரை பந்தயம் இல்லை. இந்த நாட்டுப் பந்தயத்திற்கு அந்த நாட்டுக் கலைஞர் பிற்காலத்தில் பிரெஞ்சு மொழியிலேயே பாடலானார்கள் என்பது சிறிய செய்தியன்று.

இனி, அக்கலைஞரைக் காண்போம். செர்மனியில் ரைன் நதிக்கரையில் அமைந்த டுசல்டார்ஃப் ஒரு தொழில் நகரம். அங்கு 1970ஆம் ஆண்டில் ரால்ஃப் ஹ்யூட்டர், ஃப்ளோரியான் ஷ்னைடர் என்னும் இளைஞர் இருவர் ஓர் இசைக்குழு கண்டனர். அதற்கு அவர்கள் சூட்டிய 'கிராஃப்ட்வெர்க்' என்ற பெயருக்கு மின்னிலையம் என்பது பொருள். ஷ்னைடர் புல்லாங்குழல் பயின்றவர். நாளடைவில் அவர்கள் மரபுக் கருவிகளை விடுத்து, மின்னாற்றலால் ஒலி எழுப்பும் கருவிகளையே கைக்கொண்டனர். பொருளும் புதிதாக இருந்தது. காதலையும் பிரிவையும் பிறர் பாட, இவர்கள் நெடுஞ்சாலையைப் பாடினர் (1974). ஐரோப்பாவின் குறுக்கே ஓடும் விரைவு இரயிலைப் பாடினர் (1977). மனித இயந்திரத்தைப் பாடினர் (1978). கணிப்பொறியைப் பாடினர் (1981). இன்று உலகெங்கும் நடனக் கூடங்களில் ஒலிக்கும் மின்னணு இசைக்கு இவர்கள் முன்னோடிகள் என்பது அறிஞர் பலரும் ஒப்பிய முடிவு.

இயந்திரத்தைப் பாடிய இவர்களுக்குச் சைக்கிளின்பால் நாட்டம் சென்றது ஏன்? சைக்கிள் ஒரு விந்தையான இயந்திரம். அதற்கு எந்திரப் பொறி இல்லை. ஏறி அமர்ந்த மனிதனின் நெஞ்சமே அதன் பொறி. அவன் மிதித்தால் அது ஓடும். அவன் நின்றால் அதுவும் நிற்கும். மனிதனும் இயந்திரமும் ஒன்றையொன்று அடிமைப்படுத்தாமல் ஒன்றியிருக்கும் நிலைக்கு இதனினும் தெளிவான சான்று இல்லை. ஹ்யூட்டர் இதில் தீராத வேட்கை கொண்டார். இசைப் பயணங்களின்போது, கச்சேரி நடக்கும் ஊருக்கு நெடுந்தொலைவு முன்னரே பேருந்திலிருந்து இறங்கி, எஞ்சிய வழியைச் சைக்கிளிலேயே கடப்பார் என்று அவருடன் இருந்தோர் கூறியுள்ளனர்.

1983ஆம் ஆண்டில் 'டூர் தெ பிரான்ஸ்' என்ற ஒரே பாடலைக் கொண்ட சிறு இசைத்தட்டு வெளிவந்தது. அதில் தாளத்தைத் தாங்குவது மத்தளமன்று, மனித மூச்சு. மேடேறும் ஒருவன் இழுத்து விடும் மூச்சு முறையாக ஒலிக்க, அதனூடே சைக்கிள் சங்கிலியின் ஓசையும், பல்சக்கரம் மாறும் ஒலியும் இழைகின்றன. இவற்றின் மேல் எளிய மெட்டு ஒன்று மிதந்து வருகிறது. செர்மானிய இசைவாணர் பால் ஹிண்டமித் 1936இல் புல்லாங்குழலுக்கென இயற்றிய உருப்படி ஒன்றின் தொடக்கத்தை அம்மெட்டு ஒத்திருப்பதைப் பலர் சுட்டியுள்ளனர். பாடல் பிரெஞ்சு மொழியில் அமைந்தது. தூர்மலே, கலிபியே ஆகிய மலைகளும், பாரிசு நகரத்துப் பெருவீதியும், வழியில் காற்றுப் போன சக்கரத்தை விரைந்து செப்பனிடும் காட்சியும் அதில் இடம்பெறுகின்றன. அப்பாடல் சென்ற இடமோ எதிர்பாராதது. 1984இல் வெளிவந்த 'பிரேக்கிங்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில், தெரு நடன இளைஞன் ஒருவன் துடைப்பத்தைத் துணையாகக் கொண்டு ஆடும் காட்சிக்கு அதுவே இசையாயிற்று. பிரான்சின் மலைப்பாதைக்கென செர்மனியில் பிறந்த இசைக்கு அமெரிக்க நகரத்து இளைஞர் ஆடினர்.

அந்த ஒரு பாடலோடு கதை முடிந்திருக்கலாம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஹ்யூட்டர் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் கடுமையாகக் காயமுற்றார். 1983இல் வெளிவரவிருந்த அவர்களது பெரிய தொகுப்பு தள்ளிப்போய், உருமாறி, 1986இல் வேறு பெயருடன் வந்தது. அதில் சைக்கிள் பாடல் இடம்பெறவில்லை. குழுவிலிருந்த வுல்ஃப்காங் ஃப்ளூர், கார்ல் பார்டோஸ் இருவரும் பின்னர் விலகினர். சைக்கிள் மோகம் இசைப்பணியை விழுங்கியது என்பது அவர்கள் இருவரும் பிற்காலத்தில் வெளிப்படுத்திய மனக்குறை. 1991இல் பழைய பாடல்களைப் புதுக்கி ஒரு தொகுப்பு வந்தது. 2000ஆம் ஆண்டின் ஹனோவர் உலகப் பொருட்காட்சிக்காக ஒரு தனிப்பாடல் வந்தது. அவ்வளவே. முற்றிலும் புதிய தொகுப்பு ஒன்றிற்காக உலகம் பதினேழு ஆண்டுகள் காத்திருந்தது.

2003இல் பந்தயம் தொடங்கி நூறாண்டு நிறைந்தது. அவ்வாண்டுப் பந்தயம் சூலை 5 முதல் 27 வரை நடைபெற்றது. 1903இல் வீரர்கள் சென்ற நகரங்களை நினைவுகூரும் வண்ணம் பாதை வகுக்கப்பட்டது. அந்த நூற்றாண்டு விழாவிற்கெனத்தான் கிராஃப்ட்வெர்க் குழு தன் பழைய கனவை மீண்டும் கையிலெடுத்தது. ஹ்யூட்டர், ஷ்னைடர் ஆகியோருடன் ஃபிரிட்ஸ் ஹில்பெர்ட், ஹென்னிங் ஷ்மிட்ஸ் இருவரும் பணியாற்றினர். ஆயினும் நுணுகி நுணுகிச் செதுக்கும் அவர்கள் வழக்கப்படி, தொகுப்பு குறித்த நாளில் முடியவில்லை. வீரர்கள் பாரிசை அடைந்து ஒரு வாரம் கழிந்த பின், ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில்தான் அது கடைகளுக்கு வந்தது. பந்தயத்திற்குப் பிறந்த இசை பந்தயத்திற்குப் பிந்தி வந்தது! ஆயினும் செர்மானிய விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பெற்றது. அக்குழுவின் தொகுப்பு ஒன்று சொந்த நாட்டில் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை.

தொகுப்பின் அமைப்பை நோக்குவோம். ஒரு முன்னுரை, அதன்பின் 'கட்டம்' என்று பெயரிட்ட மூன்று பகுதிகள், அடுத்து, கடிகாரத்தை எதிர்த்துத் தனியொருவனாக ஓட்டும் காலப்போட்டியைக் குறிக்கும் ஒரு பகுதி. இவை ஐந்தும் ஒன்றிலிருந்து ஒன்று இடைவெளியின்றிக் கிளைத்து ஓடுகின்றன. இங்கே எழுச்சி இல்லை, முரசொலி இல்லை, வெற்றி முழக்கமும் இல்லை. சமவெளியில் நெடுநேரம் மிதிப்பவனின் ஒரே சீரான ஓட்டமே இருக்கிறது. சிறிது சலிப்பூட்டுகிறதே என்று முதன்முறை கேட்போர் கூறுதல் கூடும். அன்று திறனாய்வாளர் சிலரும் கூறினர். அக்கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம், மூன்று வாரங்கள், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் அப்பந்தயத்தின் இயல்பு. வீரனுக்குத் தெரிவது முன்செல்வோன் முதுகும் தன் மூச்சுமே. அதனை மறைக்காது காட்டுகிறது இவ்விசை.

பின்னர் வரும் பகுதிகள் உடலுக்குள்ளும் கருவிக்குள்ளும் புகுகின்றன. ஒரு பகுதி உடலுக்கு வேண்டிய உப்புகளையும் உயிர்ச்சத்துகளையும் பெயர் பெயராக அடுக்குகிறது. ஒன்று காற்றைக் கிழித்துச் செல்லும் வடிவத்தைப் பாடுகிறது. ஒன்று சைக்கிள் செய்யும் உலோகங்களைப் பாடுகிறது. இதயமின் வரைவு என்னும் பொருள்பட்ட பகுதியில் நெஞ்சத் துடிப்பும் மூச்சுமே தாளமாகின்றன. அதன்பின், உடல் தன் முழுத் திறனில் நிற்கும் நிலையும், களைத்த உடல் ஓய்ந்து மீளும் நிலையும் இரு பகுதிகளாக அமைதியாக வருகின்றன. இறுதியில், இருபது ஆண்டுகளுக்கு முன் பிறந்த அந்தப் பழைய பாடல் புதுக்கோலத்துடன் ஒலிக்கத் தொகுப்பு நிறைவுறுகிறது.

இப்பந்தயத்திற்கு இசை வகுத்தவர் இவர்கள் மட்டுமல்லர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் இதன் ஒளிபரப்பில் பணியாற்றிய ஜான் டெஷ் என்பவர், அக்காட்சிகளுக்கெனத் தாம் அமைத்த இசையை 1988இல் ஒரு தொகுப்பாக வெளியிட்டார். மேனாட்டு இசைத்தட்டுக் கடைகளில் 'புதுயுக இசை' என்று வகைப்படுத்தப்படும் இனிய கருவியிசையைச் சேர்ந்தது அவர் பணி. திரையில் விரியும் காட்சிக்குத் துணை நிற்பது அவ்விசை. காண்போர் பக்கத்திலிருந்து எழுவது. கிராஃப்ட்வெர்க் இசையோ ஓட்டுபவன் பக்கத்திலிருந்து எழுவது. இரண்டிற்கும் உரிய இடம் உண்டு. எனினும், பின்னர் நேர்ந்த நிகழ்ச்சிகளால் இந்த வேறுபாடு பெரும் பொருள் உடையதாயிற்று.

அந்நிகழ்ச்சிகள் யாவை? நூற்றாண்டுப் பந்தயத்தில் வாகை சூடியவராக அறிவிக்கப்பட்டவர் அமெரிக்க வீரர் லான்ஸ் ஆம்ஸ்டிராங். மூன்று வாரப் போட்டியில், செர்மானிய வீரர் யான் உல்ரிச்சை அவர் முந்தியது அறுபத்தொரு நொடிகளில். புற்றுநோயை வென்று வந்தவர் என்று உலகம் அவரைப் போற்றியது. ஆனால் ஊக்க மருந்துகளின் நிழல் இப்பந்தயத்தின்மேல் நெடுநாளாகப் படிந்திருந்தது. 1967இல் ஆங்கில வீரர் டாம் சிம்ப்சன் வாந்தூ மலையில் ஏறும்போதே வீழ்ந்து இறந்தார். அவர் உடலில் ஊக்க மருந்து காணப்பட்டது. 1998இல் ஒரு குழுவின் வண்டி நிறைய மருந்துகள் பிடிபட்டு, அக்குழுவே வெளியேற்றப்பட்டது. இறுதியில் 2012ஆம் ஆண்டில், ஆம்ஸ்டிராங்கின் வெற்றிகள் ஏழும் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவரே தம் குற்றத்தைத் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். அவ்வெற்றிகள் வேறு எவருக்கும் அளிக்கப்படவில்லை. ஆகவே 2003ஆம் ஆண்டு நூற்றாண்டுப் பந்தயத்திற்கு இன்று ஏட்டில் வெற்றியாளர் இல்லை. அவ்விடம் வெறுமையாக உள்ளது.

இந்நிலையில் நாம் அத்தொகுப்பை மீண்டும் கேட்டுப் பார்க்கிறோம். உயிர்ச்சத்துகளின் பெயர்களை அடுக்கும் பகுதி இன்று நம் செவியில் சற்றே கசக்கிறது. உணவுக்கும் மருந்துக்கும், மருந்துக்கும் வஞ்சனைக்கும் இடையிலுள்ள கோடு எத்துணை மெல்லியது என்ற எண்ணம் எழுகிறது. மனிதனும் இயந்திரமும் ஒன்றும் அந்த அழகிய கனவு, மனித உடலையே எண்ணெய் ஊற்றி ஓட்டும் இயந்திரமாக்கும் பேராசையாகத் திரிந்த கதையை நாம் அறிவோம். அதனை அறிந்த பின்னும் இவ்விசை பொய்யாகவில்லை. காரணம் யாது? இத்தொகுப்பில் எந்த வீரனுடைய பெயரும் போற்றப்படவில்லை. எவனுக்கும் முடி சூட்டப்படவில்லை. வெற்றியாளனைப் பாடியிருந்தால், அவன் பெயர் அழிக்கப்பட்ட நாளில் பாட்டும் அழிந்திருக்கும். இது பாடியது மூச்சையும் துடிப்பையும் சக்கரத்தின் ஓட்டத்தையும். அவை முதலில் வந்தவனுக்கும் உண்டு. கடைசியாக வந்தவனுக்கும் உண்டு. அறுபது பேரில் வந்து சேராது போன முப்பத்தொன்பது பேருக்கும் இருந்தன.

தொகுப்பின் பிற்கால வாழ்வும் இதற்குச் சான்றாகிறது. 2009ஆம் ஆண்டு சூலையில் மான்செஸ்டர் நகரத்துச் சைக்கிள் பந்தய அரங்கில் கிராஃப்ட்வெர்க் கச்சேரி நடைபெற்றது. பந்தய இசை தொடங்கியதும், பிரிட்டனின் ஒலிம்பிக் வீரர் நால்வர் சாய்தளப் பாதையில் இறங்கி, அவ்விசைக்கு ஏற்பச் சுற்றிச் சுற்றி வந்தனர். அந்நால்வருள் ஒருவர் ஜெரைண்ட் தாமஸ். எட்டு ஆண்டுகள் சென்றன. 2017இல் பந்தயம் கிராஃப்ட்வெர்க் குழுவின் சொந்த ஊராகிய டுசல்டார்ஃபிலிருந்து தொடங்கிற்று. சூலை முதல் நாள், மழையில் நனைந்த வீதிகளில் நடந்த காலப்போட்டியில் வென்று மஞ்சள் சட்டை அணிந்தவர் அதே தாமஸ். அன்று மாலை அந்நகரிலேயே ஹ்யூட்டரும் குழுவினரும் திறந்தவெளியில் அவ்விசையை வாசித்தனர். அடுத்த ஆண்டு, 2018இல், தாமஸ் முழுப் பந்தயத்தையும் வென்றார். ஒருகாலத்தில் பிரான்சின் எல்லையைப் படையோடு கடந்த நாட்டிலிருந்து, இன்று பிரான்சின் பந்தயம் புறப்படுகிறது. அந்நாட்டு இசை அதனை வழியனுப்புகிறது. ஃப்ளோரியான் ஷ்னைடர் அவ்விழாவின்போது குழுவில் இல்லை. முன்னரே விலகிவிட்ட அவர் 2020இல் காலமானார்.

வேற்று மொழி வழங்கும் ஊர்களில் வாழும் நாம், சொல் விளங்காத இடத்தும் ஓசை விளங்குவதை அன்றாடம் உணர்ந்திருக்கிறோம். அண்டை வீட்டார் பாடும் பாட்டின் பொருள் தெரியாவிடினும், அது தாலாட்டு என்பதும், அது உழைப்புப் பாட்டு என்பதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. பிரெஞ்சும் செர்மனும் அறியாத நேயர் ஒருவர் இத்தொகுப்பைக் கேட்டாலும், மேடேறும் மனிதன் ஒருவனின் மூச்சு இது என்று கண்டுகொள்வார். விளையாட்டு விழாக்களுக்கு வாழ்த்திசை என்றும் வேண்டும். கொடி ஏறும்போது கீதம் ஒலிக்கத்தான் வேண்டும். அத்துடன், களத்தில் இறங்கியோர் அனைவரும் பட்ட பாட்டை உள்ளபடி உரைக்கும் இசையும் ஒன்று இருத்தல் நன்று. அந்த வகையில், காலம் தாழ்ந்து வந்த இத்தொகுப்பு, தான் பாட வந்த பந்தயத்தின் வெற்றியாளனைக் காட்டிலும் நெடிது நிலைத்து நிற்கிறது.